குடியேற்ற நிலங்களில் ஒற்றுமை என்னும் முதல்

விவசாயத்திற்கு வேண்டிய முதல் எவையென்று கேட்டால், நிலம், நீர், வித்து, எரு, உழவுக்கு மாடு அல்லது இயந்திரம், கைப்பணம் என்று விவசாயிகள் வரிசையாகச் சொல்லுவார்கள். இவை யாவும் கண்ணுக்குத் தெரிவன. விலை கொடுத்து வாங்கத்தக்கன. சர்க்கார் மனம் வைத்தால் இனாமாகவும் கொடுக்கத்தக்கன. ஆனால் இவ்வரிசையில் சேராத முதல் ஒன்று உண்டு. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவதும், பொது வேலைக்குக் குறித்த நாளில் மண்வெட்டியுடன் வந்து சேருவதும், முறை தவறியவனைப் போலீஸார் துணையின்றியே திருத்திக்கொள்வதுமாகிய பழக்கமே அது. இக்காலத்துப் பொருளாதார நிபுணர்கள் இதனைச் சமூக மூலதனம் என்று பெயரிட்டு அழைக்கின்றனர்.

பழைய கிராமங்களில் இம்முதல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடப்பதால் அதன் அருமை எளிதில் புலப்படுவதில்லை. காடு வெட்டிப் புதிதாகக் குடியேற்றப்பட்ட இடங்களிலோ, அது இல்லாத குறை சில வருஷங்களுக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். அக்குறை எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு நீங்குகிறது என்பதை இலங்கையின் கிழக்கு மாகாணத்திலுள்ள கல்லோயாத் திட்டத்தின் அனுபவத்தைக் கொண்டு நன்கு அறியலாம்.

திட்டத்தின் தோற்றம்

பட்டிப்பளை ஆறு என்று தமிழ் மக்களிடையே வழங்கும் கல்லோயாவின் நீரைத் தேக்கிக் காட்டு நிலங்களைக் கழனிகளாக்கும் பொருட்டு, 1949ஆம் வருஷத்தில் கல்லோயா அபிவிருத்திச் சபை ஏற்படுத்தப்பட்டது. இங்கினியாகலை என்னுமிடத்தில் கட்டப்பட்ட அணையினால் உண்டான நீர்த்தேக்கத்திற்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர். அது நிரம்பினால் 7 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர்-அடி நீர் கொள்ளும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்திற்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி எனப்படும்.

அணையின் கீழ் இடதுகரை, வலதுகரை என்று கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஏறக்குறைய 150 குடும்பங்களுக்கு ஒரு கிராமமாகக் குடியேற்றங்கள் அமைந்தன. தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் அளிக்கப்பட்டன. பிற்காலத்தில் வந்தவர்களுக்கு இந்த அளவு குறைக்கப்பட்டது. 1935ஆம் வருஷத்துக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி இந்நிலங்களைத் துண்டாடவோ, இஷ்டம்போல் விற்கவோ கூடாதென்று விதிக்கப்பட்டிருந்தது. உரியவருக்குப் பின் ஒரே வாரிசுக்கே அவை சேரவேண்டியிருந்தது. நிலம் சிதறிப்போகாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட இவ்விதி நல்ல நோக்கமுடையதே. ஆனால் பிள்ளைகள் பெருகியபொழுது நிலமில்லாத இளைஞர்கள் வாய்க்கால் ஓரங்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் அனுமதியின்றிப் பயிரிடத் தொடங்கினார்கள். கணக்கில் இல்லாத அவ்வயல்களும் அதே வாய்க்காலின் நீரையே குடித்தன.

அயலார் ஒன்றுகூடிய ஊர்

கண்டி, கேகாலை முதலிய மலைப் பிரதேசங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்தன. நீர்த்தேக்கத்தினால் தங்கள் இடத்தை இழந்தவர்களும் குடியேறினார்கள். கால்வாயின் கீழ்ப்பகுதியிலும் கடலோரத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலமாக நெல் விளைத்துவந்தார்கள். ஆகவே ஒரே ஆற்று நீரை நம்பியிருந்தவர்கள் பாஷையாலும் மதத்தாலும் வேறுபட்டவர்களாயிருந்தார்கள். ஒரே இனத்தாருள்ளும் பக்கத்து வயல்காரன் எந்த ஊரான், எத்தகையவன் என்பது ஒருவருக்கும் தெரியாது. 1956ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இப்பள்ளத்தாக்கில் நிகழ்ந்த இனக்கலவரத்தில் பலர் உயிரிழந்தனர். அத்துயரம் மக்கள் மனத்தில் ஆறாத வடுவாக நின்றது.

பழைய ஊர்களில் நீர் பங்கிடுவதற்கென்று ஒரு முறை இருந்தது. கிழக்கு மாகாணத்து வயல்களில் வட்டை விதானை என்பவர் மடை திறப்பது, வரம்பு கட்டுவிப்பது, வேலி அடைப்பது, வாய்க்கால் வெட்டுவிப்பது ஆகிய காரியங்களை மேற்பார்த்துவந்தார். சிங்களக் கிராமங்களில் வெல் விதானை என்பவர் அவ்வேலையைச் செய்தார். 1958ஆம் வருஷத்து நெற்காணிச் சட்டத்தினால் இப்பதவி ஒழிந்து, பயிர்ச்செய்கைக் குழுக்கள் ஏற்பட்டன. 1977ஆம் வருஷத்தோடு அக்குழுக்களும் மறைந்தன. புதிய குடியேற்றங்களிலோ ஆதியிலிருந்தே மதகின் திறவுகோல் உத்தியோகஸ்தர் கையில் இருந்தது. வாய்க்கால் சர்க்காருடையது, அதைப் பழுது பார்ப்பதும் சர்க்காரின் கடமை என்று குடியேறியவர்கள் எண்ணிவிட்டார்கள். அவர்களுக்கு நிலம் வந்தது, நீர் வந்தது, வீடும் வந்தது. ஒருவரோடொருவர் கூடித் தொழில் செய்யும் பழக்கம் மட்டும் வரவில்லை.

நோயின் குறிகள்

முப்பது வருஷங்களுக்குள் இடதுகரைப் பிரதேசம் நாட்டிலேயே மிகவும் சீர்குலைந்த பாசனப் பகுதிகளுள் ஒன்றாயிற்று. மதகுகள் உடைந்தன; கதவுகள் காணாமற்போயின. சில வயல் வாய்க்கால்கள் பத்து, இருபது வருஷங்களாகத் தூர் வாரப்படாமல் புல்மண்டிக் கிடந்தன. தலைமடைக்காரர் தமக்கு நீர் வரும் நாளில் வேண்டுமளவுக்கு மேலும் பாய்ச்சிக்கொண்டார்கள். அடுத்த தடவை நீர் வருமோ வராதோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். கடைமடைக்காரரோ சிறுபோகத்தில் பயிரிடுவதையே கைவிட நேர்ந்தது. தனக்கு வராத நீருக்காக வாய்க்கால் வெட்டவேண்டியது ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். தாம் வெட்டாவிட்டாலும் நீர் வருகிறதே என்று தலைமடைக்காரர் இருந்துவிட்டார்கள். இரு சாராரும் வெட்டாத வாய்க்கால் மேலும் தூர்ந்தது.

இங்கே நுட்பமாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அதிக நீர் பாய்ச்சியதால் தலைமடைக்காரருக்கு விளைச்சல் கூடிவிடவில்லை. நெல்லுக்கு எந்நேரமும் ஆழமாக நீர் நிற்கவேண்டுமென்பதில்லை. கதிர் உருவாகும் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நீர் குறையாமலிருப்பதே முக்கியம். மிகுதியான நீர் வடிகாலில் ஓடி வீணாவதுடன் இட்ட எருவையும் கொண்டுபோய்விடும். எனவே ஒருவனுக்குப் பிரயோஜனமில்லாத நீரே மற்றவனுக்குப் பயிர் இழப்பாக முடிந்தது. நீர்ப்பஞ்சத்தின் ஒரு பகுதி உண்மையில் நம்பிக்கைப் பஞ்சமேயாகும்.

1981ஆம் வருஷத்து முயற்சி

இடதுகரையைச் சீர்படுத்த அமெரிக்க சர்க்காரின் பண உதவியுடன் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. கால்வாய் வேலையை நீர்ப்பாசன இலாகா ஏற்றது. விவசாயிகளை ஒன்றுசேர்க்கும் வேலையைக் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும், அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டன. இதற்கென இளம் பட்டதாரிகள், ஆடவரும் பெண்டிருமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அமைப்பாளர் என்னும் பெயரால் 1981ஆம் வருஷத்தில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். இவர்களிற் பலர் விவசாயக் குடும்பங்களிற் பிறந்தவர்கள். கிராமத்திலேயே தங்கி, வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு விவசாயியின் குறையையும் கேட்டறிவது இவர்களுடைய முதல் வேலையாயிருந்தது.

இவர்கள் கையாண்ட முறை நினைவிலிருத்தத் தக்கது. சங்கத்தை முதலில் அமைத்து, விதிகள் எழுதி, தலைவரைத் தேர்ந்து, அதன்பின் வேலை தேடுவது வழக்கமான முறை. இங்கே அம்முறை தலைகீழாக்கப்பட்டது. ஒரு வயல் வாய்க்காலில் பாய்ச்சும் பத்து முதல் இருபது பேர் வரை முதலில் கூடித் தங்களால் உடனே செய்யத்தக்க ஒரு வேலையைச் செய்தார்கள். பெரும்பாலும் அது தூர் வாரும் சிரமதானமாயிருந்தது. அவ்வேலையில் யார் முன்நின்றார், யார் சொல் எடுபட்டது, யார் பொதுவாக நடந்துகொண்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதன்பிறகே பிரதிநிதி தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுவும் வாக்கெடுப்பினால் அன்று. எல்லாரும் ஒருமனப்பட்டு இசைந்தபின்னரே. வாக்கெடுப்பில் தோற்றவன் கட்சி கட்டுவான்; இசைந்து ஏற்றவர்களோ அவருக்குத் துணைநிற்பார்கள். பிரதிநிதிக்குச் சம்பளம் இல்லை.

அவ்வருஷத்துச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் ஏறக்குறையக் கால்பங்கு நீரே இருந்தது. இதனால் முயற்சி கெட்டுவிடுமென்று அஞ்சினோர் பலர். நடந்ததோ வேறு. நீர் குறைவே ஒன்றுகூடவேண்டியதன் அவசியத்தை உணர்த்திற்று. சில வாரங்களுக்குள் பெரும்பாலான வயல் வாய்க்கால்கள் தூர் வாரப்பட்டன. பல இடங்களில் முறை வைத்துப் பாய்ச்சத் தொடங்கினார்கள். தங்கள் முறையில் மிஞ்சிய நீரைக் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கு விட்டுக்கொடுத்த குழுக்களும் உண்டு. மேலே இருந்தவர் பெரும்பாலும் சிங்களர். கடைமடையில் இருந்தவர்களுள் தமிழரும் உண்டு. நாட்டில் இன வேற்றுமை முற்றிவந்த காலத்தில் இது நிகழ்ந்தது.

நீர்ப்பாசன இலாகாவின் பொறியியலாளரிடத்திலும் மாறுதல் உண்டாயிற்று. முன்பு படத்தை வைத்து வாய்க்கால் வரைந்த அவர்கள், விவசாயிகளோடு கூட வாய்க்கால் நெடுக நடந்து பார்த்தார்கள். எந்த இடத்தில் நீர் ஏறாது, எந்த மடை தாழ்ந்திருக்கிறது என்பது வருஷக்கணக்காக அங்கே பாய்ச்சியவனுக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது. அவ்வறிவு திட்டத்திற் சேர்ந்தது.

முறைப் பாய்ச்சலின் கணக்கு

முறை வைப்பதனால் உண்டாகும் லாபத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு வயல் வாய்க்காலில் 15 பேர், ஒவ்வொருவருக்கும் 3 ஏக்கர், ஆக 45 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்காலில் வரும் நீர் விநாடிக்கு ஒரு கன அடி. இது ஒரு நாளில் ஏறக்குறைய 2 ஏக்கர்-அடியாகும். எல்லாரும் மடையை ஒரே சமயத்தில் திறந்தால், நீர் 45 ஏக்கருக்கும் பரவி நாளொன்றுக்கு அரை அங்குலம் அளவே ஆகும். அதுவும் கணக்கில் மாத்திரமே. உண்மையில் நீரோட்டம் வலுவிழந்து வழியிலேயே ஊறிப்போக, கடைசி நான்கைந்து வயல்களுக்கு ஒன்றும் எட்டாது.

அதே நீரை ஒருவருக்கு 8 மணி நேரமாக முறை வைத்தால், அவருடைய 3 ஏக்கருக்கும் ஏறக்குறைய இரண்டரை அங்குலத்திற்குச் சற்று மேலாக நீர் கிடைக்கும். நாளொன்றுக்கு 3 பேர் வீதம் 5 நாளில் 15 பேரின் முறையும் முடிந்து, ஆறாம் நாள் முதல்வனுக்கு மறுபடியும் முறை வரும். நீரின் அளவு கூடவில்லை. ஓட்டம் வலுவாயிருப்பதால் கடைமடைக்கும் எட்டுகிறது.

ஆனால் இக்கணக்கு காகிதத்தில் எளிது; வயலில் அரிது. நள்ளிரவில் முறை முடிந்ததும் தன் மடையை அடைத்து அடுத்தவனை எழுப்பிவிட ஒருவன் சம்மதிக்கவேண்டும். ஆறாம் நாள் தன் முறை தவறாது வரும் என்னும் உறுதி இருந்தாலொழிய அவன் அதற்குச் சம்மதிக்கமாட்டான். அவ்வுறுதியைச் சட்டமோ பூட்டோ தரமுடியாது. மற்றப் பதினான்கு பேரின் சொல்லே அதைத் தரவேண்டும்.

1997ஆம் வருஷத்துச் சோதனை

சர்க்கார் திட்டங்கள் பல, அதிகாரிகள் இருக்கும்வரை நடந்து, அவர்கள் போனபின் மறைவதுண்டு. கல்லோயாவுக்கும் அச்சோதனை வந்தது. அமைப்பாளர்களுக்கு நிரந்தர உத்தியோகம் இல்லாமையால், ஆசிரியர் வேலை முதலியன கிடைத்தவுடன் அவர்களிற் பெரும்பாலோர் விலகிப்போயினர். 1983ஆம் வருஷத்திற்குப் பின் நாட்டில் மூண்ட போர் கிழக்கு மாகாணத்தைப் பெரிதும் வருத்திற்று. அப்படியிருந்தும் விவசாயிகளின் குழுக்கள் அழியவில்லை. 1988ஆம் வருஷத்தில், பெரிய பாசனத் திட்டங்களை விவசாயிகளின் பங்குடன் நிர்வகிப்பதே அரசாங்கத்தின் கொள்கையென ஏற்றுக்கொள்ளப்பட்டது.

1997ஆம் வருஷத்துச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் நெற்பயிருக்குப் போதிய நீர் இல்லையென்று விவசாயிகளுக்கு அறிவிக்கப்பட்டது. தனித்தனியே நின்ற காலமாயிருந்தால் தலைமடைக்காரர் சிலர் மட்டும் பயிரிட்டிருப்பார்கள். மற்ற வயல்கள் தரிசாகக் கிடந்திருக்கும். குழுக்கள் அவ்வாறு செய்யவில்லை. உள்ள நீரை எல்லாருக்கும் பங்கிட்டுப் பயிரிட முனைந்தன. சிக்கனமாகவும் நேர்மையாகவும், இன வேற்றுமை பாராமலும் நீர் பங்கிடப்பட்டது. போக முடிவில் 65,000 ஏக்கர் வயலில் வழக்கமான விளைச்சலைக் காட்டிலும் மேலான விளைச்சல் கண்டது. இம்முயற்சியில் ஆதிமுதல் ஈடுபட்டிருந்த கார்னெல் பல்கலைக்கழகத்து நார்மன் அப்ஹோஃப் என்பவரும் விஜயரத்ன என்பவரும் 2000ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டி, பதினாறு வருஷங்களுக்கு முன் விதைத்த ஒற்றுமையின் பலனே இது என்று நிலைநாட்டியிருக்கின்றனர்.

அவ்வருஷத்தில் புதிய அணை கட்டப்படவில்லை. புதிய வித்தும் விநியோகிக்கப்படவில்லை. முன்னமே சேர்த்துவைத்த முதல் ஒன்றே உதவிற்று. பணம் செலவழித்தாற் குறையும். இம்முதலோ உபயோகிக்க உபயோகிக்க வளரும், உபயோகிக்காவிட்டால் தேய்ந்துபோகும்.

நிலச் சொந்தக்காரரும் கிராம உத்தியோகஸ்தரும் கவனிக்கவேண்டியவை

1. ஒற்றுமையை ஊர் அளவில் தொடங்காமல் வயல் வாய்க்கால் அளவில் தொடங்கவேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்த பத்துப் பதினைந்து பேரே முதற்படி. அக்குழுக்களின் பிரதிநிதிகள் கூடிப் பெரிய வாய்க்காலின் காரியத்தைப் பார்ப்பது அடுத்த படி.

2. முதற் கூட்டத்திலேயே விதிகளும் சந்தாவும் பேசவேண்டாம். ஒரே நாளில் செய்து முடித்து, மறுநாளே பலன் காணத்தக்க வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளவேண்டும். தூர் வாருதல் அதற்கு மிகவும் ஏற்றது.

3. பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில் உத்தியோகஸ்தர் தலையிடலாகாது. பெரிய நிலக்காரர் என்பதற்காகவோ, கட்சிச் செல்வாக்கு உள்ளவர் என்பதற்காகவோ ஒருவரை ஏற்படுத்தினால், மற்றவர்கள் வாய்பேசாதிருந்து மடையில் தங்கள் மறுப்பைக் காட்டுவார்கள்.

4. தலைமடைக்காரர் முதலில் விட்டுக்கொடுப்பதே சிறந்தது. ஒரு முறை அவர் நேரத்தோடு மடையை அடைத்தால், கடைமடைக்காரர் அடுத்த தூர் வாருதலுக்குத் தாமே வருவார்கள். நம்பிக்கை மேலிருந்து கீழே நீரைப் போலவே பாயும்.

5. சொன்ன நாளில் சொன்ன அளவு நீரை விடுவது இலாகாவின் பொறுப்பு. தலைக் கால்வாயில் முறை தவறினால் கீழே எந்தக் குழுவும் முறை காக்கமுடியாது. நீர் குறையுமானால் அதை முன்கூட்டியே மறைக்காமல் அறிவித்தல் வேண்டும்.

6. பட்டா இல்லாமல் வாய்க்கால் ஓரத்தில் பயிரிடுகிறவர்களையும், குத்தகைக்கு உழுகிறவர்களையும், வயல் வேலை முழுவதையும் நடத்தும் பெண்டிரையும் கூட்டத்தில் சேர்க்கவேண்டும். கணக்கில் இல்லாதவர் கூட்டத்திலும் இல்லாமற்போனால், அவர் இரவில் எடுக்கும் நீர் எல்லாருடைய முறையையும் கெடுக்கும்.

7. குடியேற்றங்களில் வேற்றூராரும் வேறு பாஷைக்காரரும் அடுத்தடுத்து இருப்பது இயல்பு. அவர்களுக்குள் நட்புண்டாகட்டும், பிறகு நீர் பங்கிடலாம் என்று காத்திருக்கவேண்டியதில்லை. நீரை நேர்மையாகப் பங்கிட்டால் நட்பு தானே பின்தொடரும்.

குடியேற்றத் திட்டங்களின் கணக்குப் புத்தகங்களில் வெட்டிய காடு, கட்டிய வீடு, ஓட்டிய கால்வாய் ஆகியவற்றிற்கு எவ்வளவு செலவாயிற்று என்று எழுதப்பட்டிருக்கும். அங்கே குடியேறியவர்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்பதற்கு அப்புத்தகத்தில் இடமில்லை. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில், கடைமடை வயலில் கதிர் முற்றுமா, அல்லது பயிர் கருகுமா என்பதைத் தீர்ப்பது அதுவே. ஆகையால் அடுத்த போகத்திற்கு வித்தும் எருவும் சேகரிக்கும் விவசாயிகள், தங்கள் வாய்க்கால்காரர் அனைவரையும் ஒரு நாள் கூட்டி, தூர் வாரும் தேதியையும் பாய்ச்சும் முறையையும் நீர் வருவதற்கு முன்னமே பேசி முடித்துக்கொள்வது நலம்.